ரிப்பேர் மேசையில் எர்த்: பெட்டிக்குக் கட்டாயம், உடம்புக்குக் கூடாது

டிவி, ஆம்ப்ளிஃபயர், கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ் (மெயின்ஸ் கரண்டைச் சின்ன டிசி வோல்ட்டேஜாக்கும் பவர் சப்ளை), இன்வெர்ட்டர் போர்டு என்று கரண்டில் ஓடும் சாமான்களைத் திறந்து வேலை பழக வருகிறவர்களிடம் "எர்த் எதற்கு?" என்று கேட்டால், "ஷாக் அடிக்காமல் இருக்க" என்பார்கள். பதில் சரி, ஆனால் பாதிதான். மூடியிருக்கும் சாமானைத் தொடுகிறவருக்கு எர்த் காவல். அதே சாமானைத் திறந்து, உள்ளே கரண்ட் ஓடும்போது கையை விடுகிற மெக்கானிக்கோ எர்த்தான எதையும் தொட்டுக்கொண்டிருக்கக் கூடாது. மீட்டரையோ ஆசிலோஸ்கோப்பையோ (வோல்ட்டேஜின் அலைவடிவத்தைத் திரையில் காட்டும் கருவி) மாட்டும்போது போர்டில் எது எர்த், எது எர்த் மாதிரி பெயர் வைத்துக்கொண்ட வேறொன்று என்றும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். இந்த மூன்றையும் குழப்பிக்கொள்ளும் இடத்தில்தான் விபத்து நடக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் கடைகளில் ஆசானிடம் வேலை பழகுகிற பையன்களையும், வீட்டிலேயே மேசை போட்டுப் பழகுகிறவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

எர்த் எப்படிக் காப்பாற்றுகிறது

நமக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். தெருவில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரில் நியூட்ரலைப் பூமியோடு இணைத்திருக்கிறார்கள். அதனால்தான் தரையில் நின்றுகொண்டு ஃபேஸை மட்டும் தொட்டாலே அடிக்கிறது. கரண்ட் உடம்பு வழியாகப் பூமிக்கு இறங்கி, பூமி வழியாக டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்புகிறது.

இரும்புப் பெட்டிக்குள் ஃபேஸ் ஒயரின் உறை கிழிந்து பெட்டியில் பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எர்த் இல்லாவிட்டால் பெட்டி 230 வோல்ட்டில் அப்படியே காத்திருக்கும். முதலில் தொடுகிறவர் வழியாக இறங்கும். எர்த் இருந்தால் பட்ட நொடியே எர்த் ஒயர் வழியாகப் பெரிய கரண்ட் ஓடும். அந்தக் கரண்ட் ஃபியூஸையோ எம்சிபியையோ (கரண்ட் மிஞ்சினால் தானாக அணையும் ஸ்விட்ச்) விழ வைக்க வேண்டும். இந்த இடத்தில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. நம் ஊர் வீடுகளில் பெரும்பாலும் அந்த வீட்டுக்கென்று குழி எடுத்துப் பதித்த பைப் எர்த்தான். அந்த எர்த்தின் தடை 10 ஓம் என்றால், 230ஐ 10ஆல் வகுத்து, அதிகபட்சம் 23 ஆம்பியர்தான் ஓடும். 16 ஆம்பியர் எம்சிபிக்கு 23 ஆம்பியர் ஒரு சாதாரண ஓவர்லோடு. உடனே விழாது, நிமிடக்கணக்கில்கூட எடுத்துக்கொள்ளும். 'சி' வகை எம்சிபி கண்ணிமைக்கும் நேரத்தில் விழ அதன் அளவைப் போல் 5 முதல் 10 மடங்கு, அதாவது 80 முதல் 160 ஆம்பியர் வேண்டும். வீட்டு எர்த்தில் அது கிடைக்கிற காரியம் இல்லை.

அந்தக் குறையை நிரப்பத்தான் ஆர்சிசிபி. கடையில் 'இஎல்சிபி' என்று கேட்டாலும் இதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். ஃபேஸில் போன கரண்டும் நியூட்ரலில் திரும்பிய கரண்டும் சமமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வழிதவறினால் விழுந்துவிடும். எர்த் 100 ஓம் ஆக இருந்தாலும் 2 ஆம்பியருக்கு மேல் ஓடும் என்பதால் அதற்குத் தாராளம். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள்: ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல் என்று பிடித்தால் ஆர்சிசிபிக்கு நீங்களும் ஒரு பல்புதான். அது விழாது.

முதல் வேலை: மேசைக்கு வரும் எர்த் உண்மையானதா?

சாக்கெட்டில் மூன்று ஓட்டை இருப்பதால் எர்த் இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. பழைய ஓட்டு வீடுகளில் மரப்பட்டிமேல் இழுத்த இரண்டு ஒயர் வயரிங்கை அப்படியே விட்டுவிட்டு, சாக்கெட்டை மட்டும் மூன்று பின்னாக மாற்றியிருப்பார்கள். குழாயில் எர்த் கட்டியிருந்த வீடுகளில், இரும்புக் குழாய் போய் பிவிசி வந்த அன்றைக்கே எர்த்தும் போயிருக்கும்; யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

மல்டிமீட்டரை ஏசி 750 வோல்ட்டில் வையுங்கள். மெயின்ஸில் வைக்கிற மீட்டர் கேட் 3 (CAT III), 600 வோல்ட் என்று குறித்ததாக இருக்கட்டும். 150 ரூபாய் மஞ்சள் மீட்டரை பேட்டரி பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். சாக்கெட்டை நேருக்கு நேர் பார்க்கும்போது மேலே பெரிய ஓட்டை எர்த், வலது ஃபேஸ், இடது நியூட்ரல். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 சுற்றி வர வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒன்றிரண்டு வோல்ட், லோடு இருக்கும்போது கொஞ்சம் கூட வரலாம்.

ஃபேஸ்–எர்த் 90, 120 என்று நிலையில்லாமல் ஆடினால் எர்த் அறுந்து தொங்குகிறது என்று அர்த்தம். பக்கத்தில் ஓடும் ஃபேஸ் ஒயர் தூண்டிவிடுகிற பொய் வோல்ட்டேஜைத்தான் மீட்டர் காட்டுகிறது. இன்னொரு பக்கம், அதே வரிசையில் அயர்ன் பாக்ஸ் ஓட விட்டபோதும் நியூட்ரல்–எர்த் அசையாமல் 0 என்றே நின்றால், சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்திருக்கிறார்களா என்று சந்தேகப்படுங்கள். மெயினை அணைத்துவிட்டுக் கழற்றிப் பாருங்கள். எர்த் இழுக்கச் சோம்பல்பட்டுச் சிலர் செய்கிற வேலை இது. நான் பார்த்த அத்தனை தப்பு வயரிங்கிலும் எனக்குப் பெரிய கோபம் வருவது இதில்தான். எங்கேயாவது நியூட்ரல் அறுந்தால், அல்லது கம்பத்தில் வேலை பார்த்தவர் ஃபேஸையும் நியூட்ரலையும் மாற்றி மாட்டிவிட்டால், அந்தச் சாக்கெட்டில் இருக்கும் ஒவ்வொரு இரும்புப் பெட்டியும் முழு 230க்கு வந்துவிடும். துளியும் பழுதில்லாத மிக்ஸிகூட ஆளைக் கொல்லும்.

ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே பல்பு போட்டு எரிகிறதா என்று பார்க்கும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. புதியவர்கள் அதைச் செய்ய வேண்டாம். ஆர்சிசிபி இருந்தால் விழுந்துவிடும். இல்லாத வீட்டில், எர்த் வழியில் எங்கோ அறுந்திருந்தால், நீங்கள் பல்பு வழியாக ஃபேஸை அந்த அறுந்த எர்த் ஒயருக்குள் ஏற்றிவிடுகிறீர்கள். அதே ஒயரில் இருக்கும் பிரிட்ஜையும் வாஷிங் மெஷினையும் அடுக்களையில் யாரோ தொட்டுக்கொண்டிருப்பார்கள்.

எர்த் குழியின் தடையை அளக்க எர்த் மெக்கர் வேண்டும். அது லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனின் வேலை. ஐஎஸ் 3043 என்பதுதான் நம் நாட்டில் எர்த்திங்குக்கான விதிநூல். அதன்படி செய்யச் சொல்லுங்கள். எப்போது அளக்கச் சொல்வது என்பதில் நம் மாவட்டத்தில் கொஞ்சம் யோசனை வேண்டும். நமக்கு இரண்டு பருவமழை. ஜூனிலும் மண் நனைகிறது, அக்டோபர் நவம்பரிலும் நனைகிறது. மழைக்காலத்தில் எந்த எர்த்தும் நல்ல எர்த்தாகத்தான் தெரியும். பிப்ரவரி, மார்ச்சில் மண் காய்ந்து கிடக்கும்போது அளந்த எண்ணை நம்புங்கள். விளவங்கோடு, கல்குளம் பக்கத்துச் சரளைச் செம்மண்ணும், தோவாளைப் பக்கம் சில இடங்களில் நாலடியில் வந்துவிடும் பாறையும் எர்த்துக்கு உதவாத மண். அங்கே ஒரு பைப் போதாது, இரண்டு மூன்று பதித்து இணைக்க வேண்டியிருக்கும். கொளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் கரையில் சிக்கல் வேறு: ஈர மணல் நன்றாகவே கடத்தும், ஆனால் உப்புக்காற்று கிளாம்பைத் தின்றுவிடும். குழியின் மூடியைத் தூக்கிப் பாருங்கள். பைப்பில் ஒயரை இறுக்கிய போல்ட் துருவேறிப் பொருக்குத் தட்டியிருந்தால், மண்ணுக்குள் பைப் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. சுரண்டிச் சுத்தம் செய்து, புது போல்ட் போட்டு, மேலே கிரீஸ் பூசச் சொல்லுங்கள்.

மேசைக்கென்று தனியாக ஒரு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும், கை எட்டுகிற தூரத்தில், கூட இருப்பவரும் அணைக்கிற மாதிரி ஒரு இரட்டை முனை ஸ்விட்சும் போட்டுக்கொள்ளுங்கள். ஆர்சிசிபியில் இருக்கும் 'டெஸ்ட்' பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். அந்தப் பொத்தான் ஆர்சிசிபியைத்தான் சோதிக்கும், எர்த்தை அல்ல. எர்த்தே இல்லாத வீட்டிலும் அது டக்கென்று விழும்.

2017 நவம்பர் 30இல் ஒக்கி புயல் அடித்துக் கம்பங்கள் சாய்ந்து, நாள்கணக்கில் இருட்டில் கிடந்த பிறகு சின்ன ஜெனரேட்டர் வாங்கி வைத்தவர்கள் உண்டு. கைப்பிடி வைத்த அந்தச் சின்ன ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரல் பூமியோடு இணைந்திருக்காது. அப்படி இருந்தால் ஆர்சிசிபி எதிர்பார்த்தபடி விழாது. அதில் திறந்த சாமானை ஓட்டிப் பார்க்காதீர்கள், கரண்ட் வரட்டும்.

சாமான் வந்ததும்

திறப்பதற்கு முன் பிளக்கைப் பாருங்கள். மூன்று பின்னா, இரண்டு பின்னா? பின்பக்கத்து ஸ்டிக்கரில் ஒரு கட்டத்துக்குள் இன்னொரு கட்டம் வரைந்திருந்தால் அது இரட்டை இன்சுலேஷன் வகை. எர்த் தேவையில்லை என்று வடிவமைத்தது. அதற்கு நீங்களாக எர்த் கொடுக்கப் போக வேண்டாம். அந்த அடையாளம் இல்லாமல், இரும்புப் பெட்டியும் மூன்று பின்னும் இருந்தால் எர்த் கட்டாயம். மேல் பின் உடைந்திருக்கிறதா, யாராவது ஒயரை வெட்டி இரண்டு பின் மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். எர்த் பின் மற்ற இரண்டையும்விட நீளம். செருகும்போது முதலில் எர்த் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியாகத்தான் விட வேண்டும் என்பதற்காக அப்படி.

பிளக்கைச் சாக்கெட்டில் இருந்து பிடுங்கிவிட்டு, மீட்டரை ஓமில் வைத்து, எர்த் பின்னுக்கும் பெட்டியின் வெறும் உலோகத்துக்கும் அளங்கள். முதலில் இரண்டு புரோபையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள். மிச்சம் 1 ஓமுக்குக் கீழே, கிட்டத்தட்ட பூஜ்யமாக இருக்க வேண்டும். ஒயரை ஆட்டிக்கொண்டே பாருங்கள். எண் துள்ளினால் உள்ளே இழை அறுந்திருக்கிறது. பெயின்ட்மேல் புரோபை வைத்துவிட்டு "எர்த் இல்லை" என்று முடிவுகட்ட வேண்டாம், திருகின் தலையிலோ சுரண்டிய இடத்திலோ வையுங்கள்.

உள்ளே அந்தப் பச்சை–மஞ்சள் ஒயர் போய்ச் சேரும் இடத்தை ஒருமுறை கண்ணருகே வைத்துப் பாருங்கள். நல்ல தயாரிப்பில் அதற்கென்றே ஒரு திருகு இருக்கும். அந்த வட்டத்தில் மட்டும் பெயின்ட் இருக்காது. ரிங் டெர்மினலுக்கு அடியில் பல்லுப் பல்லாக ஒரு வாஷர், அதன் பல் தகட்டில் கடித்துப் பதிந்த தடம் தெரியும். பழுது பார்த்துப் பழுது பார்த்து மூடிய பெட்டிகளில் அந்த வாஷர் காணாமல் போயிருக்கும், அல்லது போர்டைப் பிடிக்கிற திருகோடு எர்த்தையும் சேர்த்து முறுக்கியிருப்பார்கள். அடுத்த முறை போர்டைக் கழற்றும்போது எர்த்தும் கழன்றுவிடும். எர்த் திருகு எர்த்துக்கு மட்டும்.

கம்ப்யூட்டர் கேபினட்டைத் தொட்டால் சுள்ளென்று எறும்பு கடித்த மாதிரி இருக்கிறது, டெஸ்டரும் எரிகிறது, எஸ்எம்பிஎஸ் போய்விட்டதா என்று கேட்டுக் கொண்டுவருவார்கள். பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ்ஸில் கோளாறே இருக்காது. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் கரண்ட் நுழையும் வாசலில் இருக்கும் ஃபில்டரில் ஃபேஸில் இருந்து பெட்டிக்கு ஒரு சின்னக் கண்டென்சர், நியூட்ரலில் இருந்து பெட்டிக்கு இன்னொன்று போட்டிருப்பார்கள். இரண்டும் சமம் என்பதால், எர்த் இல்லாத சாக்கெட்டில் பெட்டி 230இல் பாதி, சுமார் 115 வோல்ட்டில் மிதக்கும். கண்டென்சர் சின்னது என்பதால் கரண்ட் ஒரு மில்லி ஆம்பியர் அளவில்தான், சுள்ளென்பதோடு நின்றுவிடும். எர்த் கொடுத்தால் அது எர்த்தில் இறங்கிவிடும், தொந்தரவு தீர்ந்தது. வாடிக்கையாளரின் வீட்டுச் சாக்கெட்டைப் பார்க்காமல் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிக் கொடுத்தால் மறுநாளே திரும்பி வருவார். அந்தக் கண்டென்சர்களில் ஒன்று ஷார்ட் ஆனால் கதை வேறு. பெட்டி நேராக மெயின்ஸில் இருக்கும். மாற்றும்போது 'ஒய்' என்று குறித்த வகையைத்தான் போட வேண்டும். அதே மைக்ரோஃபேரட், அதே வோல்ட்டேஜ் என்று சாதாரண டிஸ்க்கைப் போட்டால் அது ஷார்ட்டாகி ஆளின் உயிருக்கே வினையாகலாம்.

திறந்த பிறகு

ஸ்விட்சை அணைப்பது போதாது. ஸ்விட்ச் நியூட்ரலில் இருக்கலாம், ஃபேஸ் போர்டு வரை வந்து நிற்கலாம். பிளக்கைப் பிடுங்கி, கண்ணுக்குத் தெரியும்படி மேசைமேல் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து மெயின் கண்டென்சர். 230 வோல்ட் ஏசியை நேர்படுத்தினால் சுமார் 325 வோல்ட் டிசி. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உள்ளே இருக்கும். போர்டு ஓடாமல் செத்திருந்தால் இன்னும் நெடுநேரம் இருக்கும், ஏனென்றால் அதைக் குடிக்க ஆள் இல்லை. ஸ்க்ரூ டிரைவரால் இடித்துத் தீப்பொறி கிளப்ப வேண்டாம். கண்டென்சரும் கெடும், செப்புத் தடமும் ஆவியாகும், கண்ணில் தெறிக்கும். 2.2 கிலோ ஓம், 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் ஒன்றை எடுத்து, இரு முனையிலும் உறையுள்ள ஒயரும் புரோபும் வைத்து டிஸ்சார்ஜ் கருவி செய்துகொள்ளுங்கள். 100 மைக்ரோஃபேரட் என்றால் ஒரு நொடிக்குக் கொஞ்சம் மேல் போதும், 220 என்றால் இரண்டரை நொடி. நான் ஐந்து நொடி பிடிக்கச் சொல்வேன். பிறகு மீட்டரை வைத்து டிசி வோல்ட் பார்த்து, ஒற்றை இலக்கத்துக்கு வந்ததா என்று உறுதி செய்த பிறகே கை. இந்த ரெசிஸ்டரைக் கண்டென்சரின் இரண்டு கால்களுக்கு நடுவேதான் வைக்க வேண்டும். பிளஸ்ஸில் இருந்து பெட்டிக்கு வைத்தால் டிஸ்சார்ஜ் ஆகாது, ஏனென்றால் அந்த மைனஸ் பெட்டியோடு சேர்ந்ததில்லை.

இங்கேதான் 'கிரவுண்ட்' என்ற பெயர் ஆளை ஏமாற்றுகிறது. எஸ்எம்பிஎஸ் போர்டைக் கையில் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். நடுவே சாப்பர் டிரான்ஸ்ஃபார்மர். அதற்கு அடியில் செப்பே இல்லாத ஒரு வெற்றுப் பாதை போர்டைக் குறுக்கே பிரிக்கும். சில போர்டில் அதன்மேல் வெள்ளைக் கோடு, சிலதில் அந்த இடத்தையே அறுத்து எடுத்திருப்பார்கள். அந்தக் கோட்டைத் தாண்டுவது மூன்றே சாமான்: டிரான்ஸ்ஃபார்மர், நாலு காலோ ஆறு காலோ உள்ள ஆப்டோ (ஒளி வழியாக சிக்னலைக் கடத்தும் ஐசி), பெரும்பாலும் நீல நிறத்தில் ஒரு 'ஒய்' டிஸ்க் கண்டென்சர். பிளக் வருகிற பக்கம் ஹாட், 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் கிளம்புகிற பக்கம் கோல்டு. இரண்டு பக்கமும் கிரவுண்ட் உண்டு, இரண்டும் வேறு. ஹாட் கிரவுண்ட் என்பது ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபயரின் மைனஸ். பூமியோடு ஒப்பிட்டால் ஒவ்வொரு சைக்கிளிலும் அது 325 வோல்ட் வரை கீழே போய் வருகிறது. 'கிரவுண்ட்' என்று எழுதியிருக்கிறதே என்று அதில் எர்த் ஒயரை மாட்டினால் பிரிட்ஜும் ஃபியூஸும் வெடிக்கும்.

மல்டிமீட்டர் பேட்டரியில் ஓடுவதால் அதற்கு இந்தச் சிக்கல் இல்லை. ஹாட் பக்கம் அளக்க கறுப்பு புரோப் மெயின் கண்டென்சரின் மைனஸில், கோல்டு பக்கம் அளக்க செகண்டரி கிரவுண்டில். மாற்றி வைத்தால் வரும் எண்ணுக்கு அர்த்தம் இருக்காது, அவ்வளவுதான்.

ஆசிலோஸ்கோப் அப்படி இல்லை. மெயின்ஸில் ஓடும் ஸ்கோப்பின் புரோபில் தொங்கும் கிளிப், ஸ்கோப்பின் பெட்டி, பிளக்கின் எர்த் பின் மூன்றும் ஒன்றே. அந்தக் கிளிப்பை ஹாட் கிரவுண்டில் கடிக்க விட்டால் நேரடி ஷார்ட். இதற்குப் பயந்து ஸ்கோப்பின் எர்த் பின்னை உடைக்கிறவர்கள் உண்டு. அப்போது வெடிக்காது, அதற்குப் பதில் ஸ்கோப்பின் உலோகம் முழுவதும் மெயின்ஸுக்கு வந்து உட்கார்ந்திருக்கும், நீங்கள் அதன் குமிழைத் திருப்புவீர்கள். சரியான வழி: பழுது பார்க்கும் சாமானை 1:1 ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (வரும் சுருளும் போகும் சுருளும் தனித்தனியாக, அதே வோல்ட்டேஜைத் தருவது) வழியாக ஓட்டுங்கள், ஸ்கோப்பின் எர்த்தை அப்படியே விடுங்கள். அல்லது எர்த்தோடு சேராமல் இரண்டு முனைகளுக்கு நடுவே அளக்கும் டிஃபரென்ஷியல் புரோப் வாங்குங்கள்.

ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் மந்திரமும் இல்லை. அதற்கு அப்பால் ஆர்சிசிபிக்குக் கண் தெரியாது. இரண்டு முனையைத் தொட்டால் அடிக்கும், எதுவும் விழாது. ஸ்கோப் கிளிப்பை மாட்டிய கணத்தில் அந்த முனை எர்த் ஆகிவிடுகிறது, மற்ற முனைகள் எல்லாம் உங்களைப் பொறுத்தவரை மறுபடி உயிருள்ளவை. ஒரு நேரத்தில் ஒரு சாமான் மட்டும். வேரியாக் என்கிற டிம்மர்ஸ்டாட்டையும் இதையும் குழப்ப வேண்டாம். வேரியாக்கில் ஒரே சுருள், பிரிப்பு கிடையாது.

சீரிஸ் பல்பு போர்டைப் பற்றியும் ஒரு தப்பான நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. 100 வாட் குண்டு பல்பைச் சீரிஸில் போட்டால் ஷார்ட்டான போர்டு வெடிக்காமல் பல்பு பளிச்சென்று எரியும்; ஐசி, மாஸ்ஃபெட் பிழைக்கும். அருமையான கருவி, எல்லா மேசையிலும் வேண்டும். ஆனால் அது போர்டைக் காக்கும், ஆளைக் காக்காது. அந்த பல்பு விடும் கரண்ட் 430 மில்லி ஆம்பியர். குளிர்ந்த இழையின் தடை 40 ஓம்தான், உடம்பின் தடையோ ஆயிரம் ஓமுக்கு மேல். அதனால் வோல்ட்டேஜ் முழுவதும் உடம்பில்தான் விழும், பல்பு மினுக்கக்கூடச் செய்யாது.

உங்கள் உடம்பு எங்கே நிற்கிறது

பெட்டிக்கு எர்த் எவ்வளவு அவசியமோ, கரண்ட் ஓடும்போது உங்கள் உடம்புக்கு எர்த் இல்லாதிருப்பது அவ்வளவு அவசியம். சிமென்ட் தரையும் மொசைக்கும் மழைக்காலத்தில் வேர்த்துக் கிடக்கும். வெறுங்காலோடு அதில் நின்றால் நீங்களே ஒரு எர்த் பைப். ஐஎஸ் 15652 முத்திரையுள்ள ரப்பர் மேட் வாங்கிப் போடுங்கள், காய்ந்த ரப்பர் செருப்பு அணியுங்கள். மேசையின் மேற்பரப்பு மரமாக இருக்கட்டும். இரும்பு மேசை, இரும்பு ஷட்டர், ஜன்னல் கம்பி, எர்த்தான சால்டரிங் ஸ்டேஷன் எதிலும் இடது கை சாய வேண்டாம். கரண்ட் ஓடும்போது ஒரு கையால் மட்டும் அளக்கப் பழகுங்கள்: கறுப்பு புரோபுக்கு முதலை கிளிப் போட்டு, கரண்ட் கொடுக்கும் முன்பே மாட்டிவிட்டு, சிவப்பை மட்டும் வலது கையில் பிடியுங்கள். மோதிரம், வாட்ச், கழுத்தில் தொங்கும் செயின் கழற்றி வையுங்கள்.

மணிக்கட்டில் கட்டும் ஆன்டி ஸ்டாட்டிக் பட்டை மொபைல் போர்டுக்கும் ஐசி மாற்றவும் வேண்டியது. அது உங்களை வேண்டுமென்றே எர்த்தோடு இணைக்கிறது. நல்ல பட்டைக்குள் 1 மெகா ஓம் ரெசிஸ்டர் இருக்கும்; வாங்கியதும் மீட்டரில் பாருங்கள், நேராக பூஜ்யம் காட்டினால் அது வெறும் ஒயர், தூக்கி எறியுங்கள். ரெசிஸ்டர் இருந்தாலும், மெயின்ஸ் ஓடும் போர்டில் கை வைக்கும் முன் பட்டையைக் கழற்றிவிடுங்கள்.

நியான் டெஸ்டரை நம்பித் தொடாதீர்கள். அது எரிவதே உங்கள் உடம்பு வழியாகத்தான். நல்ல ரப்பர் மேட்டில் நின்றால் ஃபேஸிலும் மங்கலாகத்தான் எரியும்.

மைக் செட் ஆம்ப்ளிஃபயர்

கோயில் கொடை விழாவுக்கும் சர்ச் திருநாளுக்கும் ஓடுகிற ஆம்ப்ளிஃபயர்கள் மேசைக்கு வரும்போது எர்த் ஒயர் வெட்டியிருப்பதைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். மிக்ஸரையும் ஆம்ப்ளிஃபயரையும் வெவ்வேறு இடத்தில் பிளக் செய்து, நடுவே ஷீல்டு ஒயர் போட்டால் இரண்டு எர்த் வழிகள் வளையமாகி 'ம்ம்ம்' என்று இரைச்சல் வரும். எர்த்தை வெட்டினால் இரைச்சல் நிற்கும். அப்புறம் ஒரு நாள் ஆம்ப்ளிஃபயருக்குள் ஃபேஸ் பெட்டியில் படும். மழையில் நனைந்த மேடையில் வெறுங்காலோடு மைக்கைப் பிடிக்கிறவர் வாய்க்கு முன்னால் 230 வோல்ட் நிற்கும். வெட்டிய எர்த்தை ஒட்டாமல் அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்காதீர்கள், உரிமையாளர் சண்டை போட்டாலும் சரி. இரைச்சலுக்கு வழி இருக்கிறது: எல்லாவற்றையும் ஒரே இடத்து எர்த்தில் இருந்து எடுங்கள், பேலன்ஸ்டு கேபிள் போடுங்கள், அதுவும் போதாவிட்டால் சிக்னல் வழியில் ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வையுங்கள்.

மூடிய பிறகு, கொடுக்கும் முன்

எர்த் திருகை முறுக்கி, எர்த் பின்–பெட்டி அளவை மறுபடி எடுங்கள். 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷன் தடையை அளக்கும் மீட்டர்) இருந்தால், பிளக்கில் ஃபேஸ் பின்னையும் நியூட்ரல் பின்னையும் சேர்த்து, அதற்கும் எர்த் பின்னுக்கும் நடுவே சுற்றுங்கள். சாமானின் ஸ்விட்ச் ஆன் நிலையில் இருக்கட்டும். 1 மெகா ஓமுக்குக் கீழே வந்தால் கொடுக்க வேண்டாம். கடற்கரை ஊர்ச் சாமான் என்றால் பலமுறை காரணம் உப்புப் படிவுதான்: ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் பிரஷ்ஷும் போட்டுக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, மறுபடி பாருங்கள். பிறகு சீரிஸ் பல்பில் முதல் ஓட்டம், அடுத்து ஆர்சிசிபி உள்ள சாக்கெட்டில் நேரடி ஓட்டம்.

பிளக் மாற்றினால் உள்ளே எர்த் ஒயரை மற்ற இரண்டையும்விட ஒரு விரல்கடை நீளமாக விட்டு மாட்டுங்கள். யாராவது கேபிளைப் பிடித்து இழுத்தால் ஃபேஸும் நியூட்ரலும் முதலில் கழன்று, எர்த் கடைசியாகக் கழல வேண்டும். கேபிளை இறுக்கும் கிளாம்பின் இரண்டு திருகையும் மறக்காமல் போடுங்கள்.

மைக்ரோவேவ் அடுப்பைப் பழகுகிற காலத்தில் திறக்காதீர்கள். அதன் கண்டென்சரில் நிற்பது 2000 வோல்ட்டுக்கும் மேல், ஆளைக் கொல்லப் போதுமான சக்தியோடு. பழைய பிக்சர் டியூப் டிவி வந்தால் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மட்டும் தொடுங்கள். டியூபின் ஆனோடில் 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், அதை டியூபின் வெளிப்பக்கத்தைச் சுற்றிய எர்த் பின்னலுக்குத்தான் டிஸ்சார்ஜ் செய்ய வேண்டும், வேறெங்கும் அல்ல.

தனியாக யாரும் இல்லாத நேரத்தில் கரண்ட் ஓடும் போர்டில் வேலை வேண்டாம். கூட இருப்பவருக்கு ஸ்விட்ச் எங்கே என்று காட்டிவைத்து, இதையும் சொல்லிவையுங்கள்: யாருக்காவது அடித்துப் பிடித்துக்கொண்டால் முதலில் ஸ்விட்சை அணை, அணைக்காமல் ஆளைத் தொடாதே, அணைக்க முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் தள்ளு, உடனே 108க்குக் கூப்பிடு. மூச்சு இல்லை என்றால் ஆம்புலன்ஸ் வரும்வரை மார்பின் நடுவில் இரண்டு கையையும் ஊன்றி, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்து.